பதினாலு குழாய்

குப்பைமேட்டை மூடியாகிவிட்டது, இனி அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூடிய பிறகுதானய்யா அங்கே வேலையே! முப்பது வருஷமாக ஒரு ஊர் கழித்ததையெல்லாம் ஒரு பள்ளத்தில் கொட்டி, மேலே ரெண்டு முழம் செம்மண்ணைப் போட்டுவிட்டால் அது சும்மா கிடக்குமா? உள்ளே அழுகும், சுடும், புகையும், கறுப்புத் தண்ணீராகக் கசியும். அதையெல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எங்கள் புதுச்சேரிக் குப்பைமேட்டுக்கு அந்த ஆள் இருசப்பன்.

தட்டாஞ்சாவடிக்குப் போகிற பாதையில், செங்கலுக்கு மண் வெட்டி வெட்டிப் பள்ளமாகிப்போன இடம் அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் மாட்டுவண்டியில் அங்கேதான் போகும். பள்ளம் நிரம்பி மேடாயிற்று. ஐம்பத்தேழில் பக்கத்தில் வீடுகள் வர ஆரம்பித்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். கோரிமேட்டிலிருந்து செம்மண் கொண்டுவந்து பரப்புவது, சரிவில் கன்று நடுவது, நாலைந்து வருஷத்தில் பூங்காவாக்கிவிடுவது என்று திட்டம். மேற்பார்வை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆபீஸில் கோமி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். ஐம்பத்துநாலில் கொடி மாறிய பிறகு சுவரில் இருந்த பலகையெல்லாம் மாறியது. ஆனாலும் இருசப்பன் கடைசி வரைக்கும் என்னைச் 'சின்ன முசே', அதாவது சின்ன ஐயா, என்றுதான் கூப்பிட்டார்.

வண்டி வருவது நின்றதே தவிர, மேட்டைச் சுற்றி வேலை நிற்கவில்லை. மழை பெய்தால் உள்ளே இறங்குகிற தண்ணீர் கறுப்பாகக் கசிந்து அடிவாரத்துக் கல் கால்வாயில் வரும். கால்வாய் ஒரு சிமெண்டுத் தொட்டியில் போய் விழும். தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்துக் கிணறு கெட்டுவிடும். அதனால் இருசப்பன் தினம் காலையில் கால்வாயில் இறங்கி மண்வெட்டியால் சேறு தள்ளுவார். பிறகு தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு, தள்ளி வெட்டிய மணல் குழியில் கொண்டுபோய்க் கொட்டுவார். முழங்கால் வரைக்கும் கறுப்பு அப்பியிருக்கும். அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வேலை செய்வார்.

உச்சியில் பதினாலு சுடுமண் குழாய்கள் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மேட்டுக்குள் எந்தக் காலத்திலோ பிடித்த நெருப்பு ஒன்று அணையாமல் கனன்றுகொண்டே இருந்தது. அந்தச் சூடும் புகையும் வெளியே போவதற்காகப் பழைய பிரெஞ்சு இன்ஜினீயர் ஒருத்தர் புதைத்துவைத்துவிட்டுப் போனது. சில நாள் நாலு குழாயில் புகை வரும், சில நாள் பத்தில் வரும். இருசப்பன் காலையில் ஒரு சுற்று போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

வாசல் கேட்டை ஒட்டிக் காவலாளிக்கென்று கட்டிய ஓட்டு வீடு. ரெண்டே அறை. ஆனால் இருசப்பன் பெண்சாதி பச்சையம்மாள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கவர்னர் மாளிகை தோற்றுவிடும். சேதராப்பட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கீற்றுக் கொட்டாய் ரெண்டு தடவை எரிந்தது, ஒரு தடவை காற்றில் போனது. கட்டிக்கொடுத்த இடத்திலும் கீற்றுத்தான். முப்பது வயசுக்குப் பக்கத்தில்தான் அவள் தலைக்கு மேல் ஓடு வந்தது.

முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குப்பைமேட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று அருவருப்பு. சைக்கிளில் ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டு போவேன். பச்சையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"இன்னா தம்பி, நாங்க குடிச்சிட்டு உசுரோடத்தான இருக்கறோம்? எம் பொண்ணு அன்னக்கிளியப் பாரு, பதிமூணு வயசுல எம்மாம் ஒசரம். எல்லாம் இந்தத் தண்ணிதான்."

"அதுக்கில்லக்கா, எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல."

"மூணு மாசமாவா? அப்ப வைத்தியரப் பாரு. இல்லன்னா உக்காந்து சாப்புடு."

அலுமினியத் தட்டில் கேழ்வரகுக் களியை வைத்துக் குழி பண்ணிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். குழம்பில் கத்தரிக்காயும் மாங்காயும் கிடந்தன. நான் சாப்பிட்டு முடித்து, ரெண்டு சொம்பு தண்ணீரும் குடித்தேன். அன்றிலிருந்து என் அம்மா கட்டிக்கொடுக்கிற சோற்றை அன்னக்கிளிதான் தின்றாள்.

மழைக்காலத்தில் கால்வாய்க்குள் இறங்கி நின்றுகொண்டு இருசப்பன் தன் பழைய கதையைச் சொல்வார். குப்பைமேட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் காலாப்பட்டுச் சவுக்குத் தோப்பில் கரிமூட்டம் போட்டவர். சவுக்குக் கட்டையைக் கோபுரமாக அடுக்கி, தழை போட்டு, மேலே சேறு பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்குகிற வேலை. அதைப் பற்றிப் பேசும்போது மனுஷனுக்கு மார்பு ரெண்டு அங்குலம் கூடிவிடும்.

"பொகையப் பாத்தே சொல்லிடுவேன் சின்ன முசே. வெள்ளப் பொகை வந்தா கட்டையில ஈரம் இருக்குதுன்னு அர்த்தம். நீலமா, மெலுசா வந்தா வெந்துடுச்சி. ஒடனே எல்லா ஓட்டையையும் சேறு போட்டு அடைச்சிடணும். காத்து இல்லன்னா நெருப்பு இன்னா பண்ணும்? ரெண்டு நாளு முணுமுணுக்கும், மூணாம் நாளு செத்துடும். பிரிச்சா கணீர்னு கரி."

"அடைக்காம விட்டா?"

"சாம்பல்தான். மொதலாளி செருப்பால அடிப்பான்."

"உன்ன எத்தினி வாட்டி அடிச்சான்?" என்று வாசலிலிருந்து பச்சையம்மாள் கேட்பாள்.

"ஒரு வாட்டிகூட இல்லடி. ஊரக் கேட்டுப் பாரு."

"கேக்கறேன், கேக்கறேன். கஞ்சி ஆறுது, வந்து குடி மொதல்ல."

ஐம்பத்தெட்டு தை மாதம் சென்னையிலிருந்து தெய்வசிகாமணி என்று ஒரு இன்ஜினீயர் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். நல்ல மனிதர், ஆனால் பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. பழைய ஃபைல்களையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக்கொடு என்று ஒரு கட்டை என் மேஜையில் வைத்தார். அதில் குப்பைமேட்டு ஃபைலும் ஒன்று, நாற்பத்திரண்டு பக்கம். முப்பத்தெட்டுப் பக்கத்தை ஒழுங்காக எழுதினேன். கடைசி நாலு பக்கம் குழாய்களைப் பற்றி அந்தப் பிரெஞ்சு இன்ஜினீயர் எழுதிவைத்தது. படிக்காமல் விட்டேன் என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். படித்தேன். எக்காரணம் கொண்டும் குழாய் வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் சூடு பக்கவாட்டில் போய்ச் சரிவைக் குடைந்துவிடும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. எனக்குச் சாயந்திரம் சினிமாவுக்குப் போக வேண்டும். குழாய் எங்கே ஓடிப்போகிறது, யார் இதைக் கேட்கப்போகிறார்கள் என்று அந்த நாலு பக்கத்தை விட்டுவிட்டு ஃபைலைக் கட்டி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கேட்டதற்கு, முழுசும் எழுதியாகிவிட்டது சார் என்றேன்.

பத்து நாள் கழித்து இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார். "மேடு அணைஞ்சிடுச்சா இல்லையாய்யா? அணைஞ்சிருந்தா பூங்காவுக்கு எடுத்துக்கலாம். அந்தக் காவல்காரனையும் நிரந்தரம் பண்ணிடலாம், வீடு அவனுக்கே. இன்னும் புகையுதுன்னா சும்மா வச்சிருக்க முடியாது. காண்ட்ராக்டர்கிட்ட விட்டு மேட்டையே வெட்டி எடுக்கணும். லாரி போக வழி வேணும், அந்த வீட்டை இடிச்சாகணும். வர்ற வியாழக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்."

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அப்படியே சொன்னேன். இருசப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழாய்கள் இருக்கும் உச்சியைப் பார்த்தார். அன்றைக்கு ஆறு குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. பச்சையம்மாள் வீட்டுக்குள் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு அடிக்க விட்டுப்போன சுவர்.

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றார் மெதுவாக. "வீடு போவுதுன்னா செத்துடுவா."

"வியாழக்கிழமை ஒரு நாளைக்குப் புகை தெரியாம இருந்தாப் போதும்ண்ணே. குழாயை அடைச்சிட்டா இன்னா?"

சத்தியமாக நான்தான் சொன்னேன். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"அந்தத் தொரை போகும்போது இதப் பத்தி ஏதோ எழுதி வச்சிட்டுப் போனாரே. நீங்க பிரெஞ்சு படிச்சவருதான? பாத்தீங்களா, அதுல இன்னா இருக்குது?"

அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் நாலு பக்கத்தை விட்டுவிட்டு முழுசும் எழுதினேன் என்று இன்ஜினீயரிடம் பொய் சொன்னது வெளியே வரும். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கரிமூட்டக்காரருக்குத் தெரியாத நெருப்பா காகிதத்தில் எழுதுகிறவனுக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று ஒரு மெத்தனம்.

"அதுல ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

"அப்ப சரி. பொகையும் ரெண்டு நாளா நீலமாத்தான் வருது. வெந்துடுச்சின்னு வச்சிக்க வேண்டியதுதான். அடைச்சிட்டா செத்துடும்."

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்தார். கூடையில் சுமந்துபோய், பதினாலு குழாய்க்கும் வாய் தெரியாமல் பூசி, மேலே செம்மண் தூவி அழுத்திவிட்டார். பூசுகிற கையைப் பார்க்க அழகாக இருந்தது. பதினாலு வருஷம் கழித்து அவருடைய சொந்த வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பச்சையம்மாள் என்ன என்று கேட்டதற்கு, பெரிய ஆபீசர் வரார், துப்புரவாக இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

வியாழக்கிழமை இன்ஜினீயர் வந்தார். மேட்டில் ஒரு இழை புகை இல்லை. கால்வாய் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கிணற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்தார். சரிவில் பச்சையம்மாள் நட்டு வளர்த்த பூவரசங் கன்றுகளைப் பார்த்து, "யார் இதுக்கெல்லாம் தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார்.

"நான்தாங்க. காலையில இருவது கொடம், சாயந்தரம் இருவது கொடம்."

"பலே!" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீப் கிளம்பிப் போகும்போது, ஆர்டர் திங்கட்கிழமை வரும் என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். நான் இருசப்பனிடம் சொன்னேன். இருசப்பன் அப்போதுதான் எல்லாவற்றையும் பெண்சாதியிடம் சொன்னார், குழாய் சங்கதியைத் தவிர. அவள் அடுப்படிக்குப் போய் வெல்லம் போட்டு அடைக்கு மாவு கரைத்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆர்டர் கையெழுத்தானது. நானே கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்குள் நுழையும்போதே சைக்கிளைப் போட்டுவிட்டு, "அக்கா! வந்துடுச்சிக்கா! வீடு உங்களுதுதான்!" என்று கத்தினேன். பச்சையம்மாள் சரிவின் நடுவில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடத்தை அப்படியே கீழே வைத்தாள். தினம் இறங்குகிற படிவழியாகச் சுற்றி வராமல், சிரித்துக்கொண்டே சரிவின் குறுக்கே நேராக என்னைப் பார்த்து வந்தாள்.

ஏழெட்டு அடி வைத்திருப்பாள். மண் பொசுக்கென்று உள்ளே போயிற்று. தொடை வரைக்கும் இறங்கிவிட்டாள். சாம்பலும் புகையும் குப்பென்று அவளைச் சுற்றி எழும்பின. அவள் போட்ட சத்தத்தை இங்கே எழுத என்னால் முடியாது. இருசப்பன் தொட்டியிலிருந்து ஓடிவந்து, படுத்துக்கொண்டு அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், அவர் காலை. மேலே வந்தபோது அவள் கால் ரெண்டும் முழங்காலுக்குக் கீழே பார்க்கும்படி இல்லை. அவர் முன்னங்கைகளும் வெந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் ரெண்டரை மாதம் கிடந்தாள். உயிர் பிழைத்தது. வலது கால் விரல்கள் போய்விட்டன, இடது முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்னக்கிளி இரவும் பகலும் தாயோடு கிடந்தாள். பதிமூன்று வயசில் அந்தப் பிள்ளை புண் துடைத்தது.

மூன்றாம் நாள் இன்ஜினீயர் விசாரணை வைத்தார். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த இருசப்பனிடம் நான் எல்லாவற்றையும் உடைத்தேன். நாலு பக்கத்தையும், சினிமாவையும், ஒன்றையும் ஒளிக்கவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"யாருகிட்டயும் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லண்ணே. இன்னிக்கி விசாரணையில சொல்லிடப் போறேன்."

"சொன்னா வேல போயிடும்."

"போகட்டும்ண்ணே."

"இன்னா போகட்டும்? உங்க அம்மாவும் தங்கச்சிங்களும் உங்கள நம்பித்தான இருக்கறாங்க? நீங்க சின்னப் புள்ள. நீங்க சொல்லிட்டா மட்டும் எனக்கு வீடு வந்துடுமா? களிமண்ணு கொழைச்சது என் கையிதான். நானா செஞ்சேன்னு சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

நான் திறக்கவில்லை. அதை விடவும் கேவலம், அவர் வாக்குமூலத்தை எழுதியதே நான்தான். ஆபீஸில் தமிழ் எழுத வேறு ஆள் இல்லை. 'என் சொந்த யோசனையில் குழாய்களை அடைத்தேன், எவரும் சொல்லவில்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, அவருடைய கட்டுப் போட்ட கையிலிருந்து கட்டைவிரலைத் தேடிப் பிடித்து மையில் ஒற்றி ரேகை வாங்கினேன். ஆர்டர் ரத்தானது. மாசி கடைசியில் அந்த வீட்டின் ஓட்டைப் பிரித்தார்கள்.

பச்சையம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதற்கு முந்தின நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இருசப்பன் வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அன்னக்கிளி சொன்னாள்.

"தம்பி, இங்க வா" என்றாள் பச்சையம்மாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கொழாய அடைக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா? மேல இருந்து உத்தரவு கித்தரவு வந்துச்சா? இல்ல இந்த மனுசனாத்தான் செஞ்சாரா?"

கதவுக்கு வெளியே இருசப்பன் வேட்டி தெரிந்தது.

"அவராத்தான் செஞ்சாருக்கா" என்றேன்.

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? அங்கதான நான் நாப்பது கொடம் ஊத்தறேன் தெனம். கட்டுனவ நடக்கற எடம் சுடுமா சுடாதான்னு ஒரு மனுசனுக்குத் தோணாதா? இருவத்தேழு வருசம் கூட வாழ்ந்தேன் தம்பி. ரோட்டுல போறவன்கூட, பாத்துப் போம்மான்னு சொல்லியிருப்பான்."

மறுநாள் அவளுடைய அண்ணன் பலராமன் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து, தங்கையையும் அன்னக்கிளியையும் சேதராப்பட்டுக்கு அழைத்துப்போனார். இருசப்பன் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். அவள் திரும்பவே இல்லை. அப்புறம் அவர் காலாப்பட்டுத் தோப்புக்கே போய்விட்டார், பழையபடி கரிமூட்டத்துக்கு.

நான் மட்டும் நன்றாக இருந்தேன். வேலை இருந்தது, ஒரு படி மேலேயும் போனேன். தங்கை ஸ்டெல்லாமேரிக்கு மாதா கோயிலில் தடபுடலாகக் கல்யாணம் ஆயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று தரம் சொன்னேன். சொல்ல வேண்டியவளிடம் போய்ச் சொல்லு என்றார் மூன்று தரமும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாலு வருஷத்தைத் தள்ளினேன். கடைசியில் மேட்டை முழுசும் வெட்டவும் இல்லை; குழாய்களைத் திறந்துவிட்டார்கள், சரிவை மட்டும் வெட்டிக் கல் அடுக்கினார்கள். தொட்டியில் தண்ணீர் மொள்ள வேறு ஆள் வந்தான். அவன் கால்வாயில் இறங்கமாட்டான், கரையில் நின்று கழியால் கிளறுவான்.

அறுபத்திரண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் பலராமனும் அன்னக்கிளியும் ஆபீஸுக்கு வந்தார்கள். வளர்ந்திருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். பெண்ணின் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் பெயர் இருந்தது.

"அப்பா பேரு எங்கம்மா?"

அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா போடக் கூடாதுன்னு சொல்லிடுச்சி. கூப்புடவும் கூடாதாம். கூப்புட்டா நான் மணவறைக்கே வரமாட்டேன்னு சொல்லுது."

"நாங்களும் எம்மாமோ சொல்லிப் பாத்தோம். கேக்கறாப்பல இல்ல" என்றார் பலராமன்.

என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடேயே சேதராப்பட்டுக்குப் போனேன். பச்சையம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, வழி தெரிஞ்சிதா இப்பத்தான்?" என்று சிரித்து, அன்னக்கிளியை மோர் கொண்டுவரச் சொன்னாள். மோரைக் குடித்துவிட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். ஃபைலில் இருந்ததை, அவர் கேட்டதை, நான் ஒன்றும் இல்லை என்றதை, அடைக்கச் சொன்னதே நான் என்பதை. ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்ன பொய்யையும்.

அவள் என்னைத் திட்டவில்லை. கலக்கின தவிட்டை மாட்டின் முன்னால் தள்ளிவைத்தாள்.

"கால புடிச்சிக்கிட்டு அழுதாரு தம்பி" என்றாள் பிறகு. "வேணும்னு செய்யல பச்ச, வேணும்னு செய்யலன்னு. நான் ஒரு வார்த்த பேசல. நாலு வருசத்துல ஆறு வாட்டி இங்க வந்தாரு. ஆறு வாட்டியும் கதவச் சாத்திக்கிட்டேன். நீ இன்னா படிப்புய்யா படிச்ச? ஒரு உண்மைய வச்சிக்கிட்டு நாலு வருசம் எப்டிய்யா சோறு தின்ன?"

அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டு வண்டியைக் கட்டச் சொன்னாள்.

காலாப்பட்டுக்கு நாங்கள் போய்ச் சேரப் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. தோப்புக்குள் வண்டி போகாது, மணல். நானும் பலராமனும் ரெண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு அவளை நடத்திக் கொண்டுபோனோம். பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். இருசப்பன் ஒரு மூட்டத்துக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கரி படிந்த முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் கையில் இருந்த சேற்றைக் கீழே போடவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"இவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்யா" என்றாள். "நீதான்னு நெனச்சி நான் பாவத்தக் கட்டிக்கிட்டேன். என்னை மன்னிச்சிக்க."

இருசப்பன் சந்தோஷப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மணலில் குந்திக்கொண்டார்.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? அவரு சொன்னது பாதிதான் பச்ச. மீதி அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அடைச்ச மூணாம் நாளு, ஆபீசர் வந்துட்டுப் போன அன்னிக்கி சாயந்தரம், சரிவுல கைய வச்சிப் பாத்தேன். சுட்டுது. நெருப்பு சாகல, பக்கமா எறங்குதுன்னு தெரிஞ்சிப்போச்சி. கரிமூட்டம் போட்டவனுக்குத் தெரியாதா? அப்பவே தொறந்து உட்டிருக்கலாம். தொறந்தா பொகை வரும். பொகை வந்தா ஆர்டர் வராது. திங்கக்கெழம காயிதம் கைக்கு வந்துடட்டும், அன்னிக்கே தொறந்துடலாம்னு இருந்தேன். படிவழி பக்கம் சுடல. நீ படிவழியாத்தான எறங்குவன்னு நெனச்சிக்கிட்டேன். உன்கிட்ட சொன்னா, வீட்ட நெனச்சி பயந்துடுவன்னு சொல்லல."

சொல்லி முடித்துவிட்டு, அவள் அடிக்க வந்தால் அடிக்கட்டும் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். நாலு வருஷமாக அவரைப் புண்ணியவான் என்றும் என்னைப் பாவி என்றும் நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இப்போது எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. அவர்கள் ரெண்டு பேருக்கும் நான் அங்கே நிற்பதே மறந்துவிட்டிருந்தது.

பச்சையம்மாள் கம்பை மணலில் ஊன்றி, பலராமன் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். மடங்காத காலை நேராக நீட்டிக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம்யா" என்றாள். "சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் கால வச்சிருக்க மாட்டேன்."

"ஆமாம்."

"ஆனா கொழாயத் தொறன்னு சொல்லியிருக்க மாட்டேன். காயிதம் வரட்டும், அதுவரைக்கும் மூச்சுக் காட்டாம இருன்னுதான் சொல்லியிருப்பேன். அந்த வீடு உனக்கு மட்டுமா வேணும்? உன்னவிட எனக்குத்தான்யா ஆச."

இருசப்பன் விசும்பி விசும்பி அழுதார். சேறு பூசிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கண்ணுக்குக் கீழெல்லாம் சேறாயிற்று. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம். வந்து நில்லு. தாலி எடுத்துக் குடு."

"வரேன்." கையில் ஒட்டியிருந்த சேற்றை மணலில் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அதுக்கப்பறம் நீ என்னோட வந்துடறியா பச்ச?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். நாலு சவுக்குக் கழியை நட்டு மேலே கீற்றுப் போட்ட அவருடைய கொட்டாய். உள்ளே ஒரு ஆள் குனிந்துதான் போக முடியும். கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்.

"இந்த மணல்ல நான் எப்டிய்யா நடப்பேன்? தண்ணி யாரு கொண்டாருவா எனக்கு? அங்க அண்ணன் வீட்டுல நானே ஒரு மூலையில கெடக்கறேன், உனக்கு எங்க எடம்? சேந்து இருக்கலாம்னுதான் எனக்கும் இருக்குது. எங்கய்யா இருக்கறது?"

பலராமன் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்துவிட்டார். இருசப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு உங்களுதுதான் என்று கத்திக்கொண்டு ஓடிவந்த நான், மணலில் ஊன்றியிருந்த கம்பைப் பிடுங்கிப் பச்சையம்மாள் கையில் கொடுத்தேன்.